மோட்டார் வண்டிகளின் முகப்பு விளக்கு மங்குதல்: காரணமும் பரிகாரமும்

காய்கறிகளை விடியற்காலைச் சந்தையில் சேர்க்க வேண்டிய விவசாயிகள் நள்ளிரவிலேயே வண்டியைக் கிளப்புகின்றனர். அறுவடைக் காலத்திலோ தார்ச்சாலையின் ஒரு பக்கத்தில் நெல் காயப் போடப்பட்டு, அதன் ஓரத்தில் கற்களும் அடுக்கப்பட்டிருக்கும். விளக்கில்லாத மாட்டு வண்டியும் எதிர்ப்படும். இத்தகைய பாதையில், பழுப்பேறி மங்கிய முகப்பு விளக்குடன் செல்வதால் நேரக்கூடிய ஆபத்தை விரித்துரைக்க வேண்டுவதில்லை. அமெரிக்க ஆட்டோமொபைல் சங்கத்தார் 2018-ம் வருஷத்தில் வெளியிட்ட பரிசோதனையில், மங்கிய விளக்குகள் புதியவை தரும் வெளிச்சத்தில் சுமார் 20 சதவீதமே தந்தன என்று கண்டனர். மேலும், மங்கிய மூடியின் வழியே வரும் ஒளி சிதறுவதால் எதிரே வருவோருடைய கண்ணும் கூசுகிறது.

பலர் இதைப் பல்பின் குற்றமென்று கருதி, அதிக வாட் உள்ள பல்பைப் போட்டு விடுகின்றனர். இதனால் விளக்கின் மூடியும் மின்கம்பியும் அதிகமாகச் சூடேறுகின்றனவேயன்றிப் பாதையில் வெளிச்சம் வேண்டிய அளவு கூடுவதில்லை. குற்றம் மூடியில் இருக்கிறது.

முற்காலத்து விளக்குகளின் மூடி கண்ணாடியால் ஆனது, அது மஞ்சளிப்பதில்லை. பழைய டிராக்டர்கள் சிலவற்றில் இன்றும் அதைக் காணலாம். நகத்தால் தட்டிப் பார்த்தால் கணீரென்ற சப்தம் எழும். இக்காலத்து வண்டிகளில் உள்ள மூடியோ பாலிகார்பனேட் என்னும் பிளாஸ்டிக். இப்பொருள் 1953-ம் வருஷத்தில் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் தனித்தனியே கண்டுபிடிக்கப்பட்டது. கல் பட்டாலும் எளிதில் உடையாது, கனமும் குறைவு. ஆயினும் அதன் மேற்பரப்பு மிருதுவானது. சூரிய வெளிச்சத்திலுள்ள புறஊதாக் கதிர்களைத் தாங்காது. ஆகையால் தொழிற்சாலையிலேயே அதன்மேல் கடினமான வார்னிஷ் ஒன்று பூசப்படுகிறது. வெயிலும் புழுதியும் அந்த வார்னிஷை அரித்தபின் பிளாஸ்டிக்கின் மேற்தோல் மட்டும் கெட்டு மஞ்சளிக்கிறது. உட்பகுதி பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். எனவேதான் இதை வீட்டிலேயே சீர்செய்ய முடிகிறது.

முதலில் மூடியைச் சோப்பு நீரால் மணல் துளியும் இராதபடி கழுவ வேண்டும். சுற்றியுள்ள வர்ணத்தின்மேல் காகித டேப்பை ஒட்டிக் கொள்வது அவசியம். பிறகு வர்ணக்காரர்கள் வாட்டர் பேப்பர் என்று வழங்கும் உப்புத்தாளை நீரில் நனைத்துத் தேய்க்க வேண்டும். வார்னிஷ் திட்டுத் திட்டாக உரிந்திருந்தால் 800-ம் நம்பர் தாளிலும், வெறும் பழுப்பு மட்டுமானால் 1000-ம் நம்பரிலும் தொடங்கலாம். வழிகிற நீர் முதலில் மஞ்சளாயிருந்து பின்பு பால்போல் வெளுக்கும். பழைய பூச்சு நீங்கியதற்கு அதுவே அடையாளம். அடுத்து 1500, 2000, 3000 நம்பர் தாள்களால் வரிசையாகத் தேய்க்க வேண்டும். ஒருமுறை குறுக்காகத் தேய்த்தால் மறுமுறை மேலுங்கீழுமாகத் தேய்ப்பது நலம். முன்தாளின் கீறல் மறைந்ததா என்பது அப்போது தெளிவாகத் தெரியும். இந்த நிலையில் மூடி முன்னைவிட வெளுத்துப் பனி படர்ந்ததுபோல் தோன்றும். அதைக் கண்டு கலங்க வேண்டுவதில்லை. கடைசியாக, வண்டி வர்ணத்துக்கு மெருகிடும் பசையை மெல்லிய துணியில் எடுத்து வட்டமாகத் தேய்த்தால் தெளிவு திரும்பும். மேற்கூறிய பரிசோதனையிலும், சீர்செய்த விளக்குகள் சுமார் 70 சதவீத வெளிச்சம் தந்தன.

அநேகர் இத்துடன் வேலை முடிந்ததென்று விட்டுவிடுகின்றனர். இது பெரும் பிழை. பழைய வார்னிஷ் முழுவதும் தேய்த்தெடுக்கப்பட்டு விட்டதால், பிளாஸ்டிக் இப்போது வெயிலுக்கு நேரே காட்டப்பட்டிருக்கிறது. புதுப்பூச்சு இல்லாவிடில் சில மாதங்களிலேயே மறுபடியும் மஞ்சளித்துவிடும். ஆகவே மூடியை நன்கு துடைத்து உலர்த்தி, புறஊதாக் கதிரைத் தடுக்கும் கிளியர் கோட் பூச்சை மெல்லிய இரண்டு அடுக்காகப் பூச வேண்டும். வண்டி வர்ணம் விற்கும் கடைகளில் இது கிடைக்கும். புழுதி பறக்காத நிழலில் பூசி, ஒருநாள் தொடாமல் விடுவது உத்தமம். கடினமாக்கும் திரவத்தைக் கலந்து தெளிக்கும் ரகமானால் அதன் ஆவி நுரையீரலுக்குத் தீங்கானது. துணியை மூக்கில் கட்டிக் கொள்வது அதற்குப் போதாது. அந்த ரகத்தைப் பட்டறைக்காரரிடம் விடுவதே நல்லது.

பற்பசையால் தேய்த்தால் தெளிவு வருவது உண்மையே. பற்பசையிலுள்ள நுண்ணிய தூள் மெருகிடும் பசையின் வேலையைச் சிறிது செய்கிறது. ஆனால் பாதுகாப்பு எதுவும் தராது. கொசுவுக்காக உடம்பில் பூசும் மருந்தைத் தடவினால் விளக்கு உடனே பளபளக்கும். அம்மருந்திலுள்ள டீட் என்னும் பொருள் பிளாஸ்டிக்கையே கரைப்பதால் வரும் பளபளப்பு அது. பின்னர் முன்னிலும் மோசமாகும். பெட்ரோலும் தின்னரும் மூடியில் மயிரிழை வெடிப்புகளை உண்டாக்கும்.

மூடியின் உட்புறத்தில் நீர் கோத்து நின்றாலோ, உள்ளே ஒளியைத் திருப்பும் வெள்ளிப் பூச்சு கறுத்துப் போயிருந்தாலோ வெளியே எவ்வளவு தேய்த்தும் பயனில்லை. முன்னதற்கு ரப்பர் வளையத்தைப் பார்க்க வேண்டும். பின்னதற்கு விளக்கையே மாற்ற வேண்டும்.

வேலை முடிந்தபின் வண்டியைச் சுவருக்கெதிரே நிறுத்தி, இரு விளக்குகளின் ஒளியும் ஒரே மட்டத்தில் விழுகின்றதா என்று பார்ப்பது நல்லது. பின்புறம் பாரம் ஏற்றினால் வண்டியின் முகப்பு சற்று உயரும். ஆகையால் வழக்கமாகக் கொண்டு செல்லும் சுமையுடனேயே இச்சோதனையைச் செய்ய வேண்டும்.