ஒரே தேர்வு, ஆளுக்கொரு வினாத்தாள்: எப்படி?

மூடுல், ஆஸ்திரேலியரான மார்ட்டின் டூஜியமாஸ் உருவாக்கிய திறமூல இணையவழிக் கற்றல் தளம். முதல் பதிப்பு 2002-இல் வெளியானது. இதில் ஒரே தேர்வை எழுதும் இருவருக்கு வெவ்வேறு கேள்விகள் வரக் காரணம், கேள்விகள் வினா வங்கியில் தனியே சேமிக்கப்படுவதுதான். ஆசிரியர் அவற்றைப் பாடப்பகுதி வாரியாகச் சேர்க்கிறார். தேர்வில் ‘இந்தப் பகுதியிலிருந்து ஏதேனும் ஐந்து’ என்று மட்டும் குறிக்கிறார். மாணவர் தேர்வைத் தொடங்கும்போதுதான் மென்பொருள் அந்த ஐந்தையும் குலுக்கி எடுக்கிறது.

கணக்குப் பாடத்துக்கு இன்னும் வசதி. செவ்வகத்தின் நீள அகலத்துக்கு எண்களுக்குப் பதில் மாறிகளையும், விடைக்குச் சூத்திரத்தையும் கொடுத்தால் போதும். ஒருவருக்கு 6, 4 வரும். அடுத்தவருக்கு 9, 7. பக்கத்தில் எட்டிப் பார்த்துப் பயனில்லை.

தேர்வு முடிந்தபின் கேள்விகளுக்கும் சோதனை உண்டு. மொத்தத்தில் நல்ல மதிப்பெண் பெற்றவர்களே ஒரு கேள்வியில் அதிகம் தவறினால், அதன் பிரிதிறன் குறியீடு எதிர்மறையாகும். பெரும்பாலும் கேள்வி குழப்பமாக இருக்கும், அல்லது விடைக்குறிப்பே தவறாக இருக்கும். ஆசிரியர்கள் அதிகம் கண்டுகொள்ளாத, ஆனால் மிகப் பயனுள்ள வசதி இது.

வினா வங்கியைக் கோப்பாக ஏற்றுமதி செய்து வேறு பள்ளியின் மூடுலில் சேர்க்கலாம். இதற்குப் பயன்படும் கிஃப்ட் என்ற வடிவம் வெறும் உரைக்கோப்புதான். சரியான விடைக்கு முன் சமக்குறி, தவறானதற்கு முன் அலைக்குறி. மூடுல் மென்பொருள் இலவசம், ஆனால் அதை நிறுவும் சர்வருக்கும் பராமரிப்புக்கும் செலவு உண்டு.