கோடு தெரிந்தால் போதை இல்லை

கர்ப்பப் பரிசோதனை அட்டையில் இரண்டு கோடு வந்தால் வீட்டில் இனிப்பு வாங்குவார்கள். கொரோனா அட்டையில் இரண்டு கோடு வந்தால் தனி அறைக்குப் போகச் சொன்னார்கள். இரண்டிலுமே இரண்டு கோடு என்றால் ‘உண்டு’ என்று பொருள். அதே கண்ணோடு போதைப்பொருள் பரிசோதனைப் பட்டையைப் பார்த்தால் ஒருவர் பிழைப்பே போய்விடும். இங்கே கணக்கு நேர் தலைகீழ்: இரண்டு கோடு வந்தால் ‘இல்லை’, ஒரே ஒரு கோடு வந்தால்தான் சந்தேகம்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. விருதுநகர் மாவட்டம் இ.குமாரலிங்கபுரத்தில் 1,052 ஏக்கரில் பி.எம். மித்ரா ஜவுளிப் பூங்கா அமையும் என்று 2023 மார்ச்சில் அறிவித்தார்கள். மானாவாரிப் பருத்தியும் மிளகாயும் போட்டு, மழை பொய்த்த வருஷம் சீமைக் கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைத்த அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்து வீடுகளிலிருந்து பிள்ளைகள் ஆலை வேலைக்கு மனுப் போடுவார்கள். பெரிய ஆலை, லாரி நிறுவனம், வெளிநாட்டு வேலை என்றால் ‘மெடிக்கல்’ உண்டு. ரத்தம், எக்ஸ்ரே என்று போகிற அந்த மெடிக்கலில் இப்போது சில இடங்களில் போதைப்பொருள் பட்டையும் சேர்ந்திருக்கிறது. சிறுநீரில் முக்கி எடுத்து ஐந்து நிமிடத்தில் ‘பாசிட்டிவ்’ என்று எழுதிவிடுகிறார்கள். அந்த ஐந்து நிமிடத்தில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது.

பட்டையில் ‘சி’, ‘டி’ என்று இரண்டு இடம் இருக்கும். சிறுநீர் மேலே ஏறும்போது, வண்ணத்துகள் ஒட்டிய ஆன்டிபாடிகளையும் கூட்டிக்கொண்டு போகும். ‘டி’ இடத்தில் குறிப்பிட்ட போதைப்பொருளின் மாதிரியை முன்கூட்டியே பூசி வைத்திருப்பார்கள். சிறுநீர் சுத்தமாக இருந்தால் ஆன்டிபாடி அந்த மாதிரியோடு ஒட்டிக்கொள்ளும், கோடு சிவக்கும். சிறுநீரிலேயே போதைப்பொருள் இருந்தால், ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு பஸ்ஸில் இடம் பிடிக்கிறவர் மாதிரி, அது ஆன்டிபாடியை முந்திப் பிடித்துவிடும். பிறகு ‘டி’யில் ஒட்ட ஆன்டிபாடிக்கு இடம் ஏது? கோடு வராது. ‘சி’ என்பது பட்டை வேலை செய்கிறதா என்று காட்டும் கோடு. அது வராவிட்டால் முடிவு பாசிட்டிவும் இல்லை, நெகட்டிவும் இல்லை. பட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகச் செய்ய வேண்டும்.

‘டி’ கோடு மங்கலாகத் தெரிந்தாலும் அது நெகட்டிவ்தான். “லேசாகத்தான் தெரிகிறது, அப்ப கொஞ்சம் போட்டிருக்கான்” என்று சொல்வதற்கு இந்தப் பட்டையில் இடமே இல்லை. பொதுவாக ஐந்தாவது நிமிடம் பார்க்க வேண்டும். பத்து நிமிடம் தாண்டிப் பார்த்ததை எண்ணக்கூடாது. உறையின் மேல் 2 முதல் 30 டிகிரி வெப்பத்தில் வைக்கவும் என்று அச்சடித்திருப்பார்கள். சித்திரை வெயிலில் இந்தக் கரிசல் காட்டில் தகரக் கொட்டகைக்குள்ளும், நிறுத்தி வைத்த ஜீப்புக்குள்ளும் கிடந்த கிட்டை நம்பி யார் தலையெழுத்தையும் எழுத முடியாது. காலாவதித் தேதியைப் பார்க்கச் சொல்லிக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

அடுத்தது அளவு. இந்தக் கிட்டுகள் ஒரு எல்லைக் கோட்டை வைத்து வேலை செய்கின்றன. கஞ்சாவுக்குப் பொதுவான எல்லை ஒரு மில்லிலிட்டர் சிறுநீரில் 50 நானோகிராம். அபின் வகைக்கு அமெரிக்க அரசுப் பணியிடங்களில் முன்பு 300 ஆக இருந்ததை 1998-ல் 2,000 ஆக உயர்த்தினார்கள். கசகசா தின்றவர்கள் எல்லாம் மாட்டிக்கொண்டதுதான் முக்கியக் காரணம். கசகசா அபின் செடியின் விதை. அதில் ஒட்டியிருக்கும் மார்பின் சிறுநீரில் உண்மையாகவே வரும். நம் சந்தையில் விற்கும் பல கிட்டுகளில் எல்லை இன்னும் 300தான். விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டாவுக்கு ஊற்றும், கசகசா அரைத்த சால்னாவைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஒரு தட்டுச் சால்னாவால் 2,000-ஐத் தாண்டுவது அரிது. ஆனால் குருமாவிலும் பாயசத்திலும் கசகசா தாராளமாக விழுந்த கல்யாண வீட்டுச் சாப்பாட்டுக்கு மறுநாள் 300 கிட்டில் சோதித்தால் என்ன வரும் என்று உத்தரவாதம் சொல்ல முடியாது. வளைகுடாவுக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஐக்கிய அரபு எமிரேட்ஸில் கசகசாவே தடைசெய்யப்பட்ட பொருள். அம்மா கட்டிக்கொடுக்கும் மசாலாப் பொட்டலத்தில்கூட அது இருக்கக்கூடாது.

மருந்துகள் செய்யும் குழப்பம் இதைவிடப் பெரிது. வயிற்றெரிச்சலுக்குப் போடும் ரானிடிடின் சில கிட்டுகளில் ஆம்பெட்டமைன் போலக் காட்டும். ஆஃப்லாக்சசின், லீவோஃப்லாக்சசின் போன்ற ஆன்டிபயாட்டிக்குகளும், காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசினும் அபின் வகை எனக் காட்டியதுண்டு. மன அழுத்தத்துக்கான செர்ட்ரலின் தூக்க மாத்திரை வகையாகத் தெரியலாம். கோடீன் கலந்த இருமல் மருந்து உடம்புக்குள் போய் ஓரளவு மார்பினாகவே மாறும். அது பொய் பாசிட்டிவ் இல்லை, ஆனால் குற்றமும் இல்லை, டாக்டர் சீட்டு கையில் இருந்தால். அதனால் சிறுநீர் கொடுக்கும் முன்பே, கடந்த இரண்டு வாரம் சாப்பிட்ட மாத்திரை, டானிக் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்து, அதன் நகலில் கையெழுத்து வாங்குங்கள். முடிவு வந்த பிறகு சொன்னால் சமாளிப்பாகத்தான் பார்ப்பார்கள்.

நெகட்டிவ் வந்தவரெல்லாம் சுத்தம் என்பதும் தவறு. தமிழ்நாட்டில் இளைஞர்கள் வலி மாத்திரையைக் கரைத்து ஊசியாக ஏற்றிக்கொள்வது பல ஊர்களில் நடக்கிறது. அதில் அதிகம் அடிபடும் டேபென்டடால், சாதாரண அபின் பட்டையில் தெரியாது. டிரமடாலும் தெரியாது, அதற்குத் தனிப் பட்டை வேண்டும். பசை, தின்னர் முகர்வதும், பள்ளிக்கூட வாசல்வரை வந்துவிட்ட ‘கூல் லிப்’ புகையிலையும் இந்தப் பட்டைகளுக்கு அப்பாற்பட்டவை. மகனுக்குத் தெரியாமல் கிட் வாங்கிச் சோதிக்கும் பெற்றோருக்குச் சொல்கிறேன்: அது தரும் நிம்மதி பொய்யாக இருக்கலாம், பயமும் பொய்யாக இருக்கலாம். பிள்ளையோடு உட்கார்ந்து பேசுவது கஷ்டம்தான். அதற்கு மாற்றாக எந்தப் பட்டையும் இல்லை.

பாசிட்டிவ் உண்மையாகவே இருந்தாலும், ‘வேலை நேரத்தில் போதையில் இருந்தார்’ என்று அது சொல்லாது. எப்போதோ ஒருமுறை கஞ்சா தொட்டவருக்கு மூன்று நாளில் மறைந்துவிடலாம். தினமும் பழகியவருக்கு விட்டு ஒரு மாதம் ஆனாலும் காட்டலாம். போதை இறங்கிய பின் மிஞ்சும் கழிவைத்தான் பட்டை பிடிக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-வது பிரிவும், வண்டியைக் கட்டுப்பாட்டில் வைக்க முடியாத அளவுக்கு ஒருவர் போதைப்பொருளின் பிடியில் இருந்தாரா என்றுதான் கேட்கிறது.

ஆகவே பட்டை சொல்வது முதல் சந்தேகம் மட்டுமே. அதை உறுதி செய்ய ஜி.சி.-எம்.எஸ். அல்லது எல்.சி.-எம்.எஸ். என்ற கருவி உள்ள ஆய்வகத்துக்கு அதே மாதிரி போக வேண்டும். அந்தக் கருவி ஒவ்வொரு மூலக்கூறையும் அதன் எடையை வைத்து அடையாளம் காணும்; ரானிடிடினையும் ஆம்பெட்டமைனையும் குழப்பிக்கொள்ளாது. நம் நாட்டிலேயே இதற்கு முன்மாதிரி இருக்கிறது. 2022 ஜனவரி 31 முதல் விமானிகளுக்கும் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களுக்கும் போதைப்பொருள் சோதனையை விமானப் போக்குவரத்து இயக்குநரகம் கொண்டுவந்தது. முதல் சோதனையில் சந்தேகம் வந்தால் அவரைப் பணியிலிருந்து ஒதுக்கி வைப்பார்கள். உறுதிப் பரிசோதனை முடியும்வரை குற்றவாளி என்று சொல்லமாட்டார்கள். முதல்முறை உறுதியானாலும் அனுப்புவது மறுவாழ்வு மையத்துக்குத்தான். முந்நூறு உயிரைச் சுமந்து பறப்பவருக்கு இந்த நியாயம் கிடைக்கிறது. நூற்பு மெஷின் ஓட்டப்போகும் திருச்சுழிப் பெண்ணுக்கு மட்டும் ஒரு பட்டையோடு கதை முடிவது என்ன நியாயம்?

போலீஸ் விவகாரம் தனி. கைதானவரை மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பப் போலீசுக்கு அதிகாரம் உண்டு (பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா, பிரிவு 51). ஆனால் செய்ய வேண்டியவர் பதிவுபெற்ற மருத்துவர். ஸ்டேஷன் மேசையில் வைத்துப் பட்டை முக்குவது அந்தப் பரிசோதனை ஆகாது. பெண்ணென்றால் பெண் மருத்துவர் செய்ய வேண்டும், அல்லது அவர் மேற்பார்வையில் நடக்க வேண்டும். கைதானவரைப் பரிசோதிக்கும் மருத்துவர் எழுதும் அறிக்கையின் நகலை அவருக்குத் தர வேண்டும் என்கிறது பிரிவு 53. கேட்டு வாங்குங்கள்.

பிடிபட்ட பொருளை அந்த இடத்திலேயே நிறம் மாறுகிறதா என்று பார்க்கும் கிட்டும் இதே ரகம்தான், முதல் சந்தேகம். கடைசி வார்த்தை தடய அறிவியல் ஆய்வகத்துடையது. உத்தரப் பிரதேசத்தில் 2023 ஜனவரியில் 1,280 கிராம் பழுப்புப் பொடியை ஹெராயின் என்று சொல்லி ஒருவரைச் சிறையில் வைத்தார்கள். அந்த மாதக் கடைசியிலேயே ஆய்வகம் ஹெராயின் இல்லை என்றது. இன்னொரு ஆய்வகத்துக்கும் அனுப்பினார்கள். அதுவும் இல்லை என்ற பிறகு ஏப்ரலில்தான் வெளியே விட்டார்கள். அலகாபாத் உயர் நீதிமன்றம் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. ஜாமீன் மனுவை விசாரிக்கும்போது அப்படி உத்தரவிட அதிகாரமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2025 பிப்ரவரியில் அதை ரத்து செய்தது. முதல் அறிக்கை வந்த அன்றே வக்கீல் கையில் அதன் நகல் இருப்பது எவ்வளவு முக்கியம் என்று இதிலிருந்து தெரிகிறது.

உண்மையிலேயே பழக்கம் உள்ளவருக்கும் சட்டத்தில் வாசல் திறந்திருக்கிறது. 1985-ம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் கஞ்சா உட்கொண்டதற்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் பிரிவு 64-ஏ, தானாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனையில் சிகிச்சை எடுப்பவரை உட்கொண்ட குற்றத்துக்காகவும் சிறு அளவு வைத்திருந்ததற்காகவும் வழக்கிலிருந்து விலக்குகிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் இந்தப் பாதுகாப்பு போய்விடலாம். 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் போதைப் பழக்கத்தால் வரும் மனநலக் கோளாறையும் நோயாகவே எண்ணுகிறது. நோயாளியின் விவரத்தைத் தெருவுக்குச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆலை நோட்டீஸ் போர்டில் ‘பாசிட்டிவ்’ பட்டியல் ஒட்டினால் புகார் செய்யலாம்.

போதை மீட்புக்கு 14446, மனநல ஆலோசனைக்கு 14416, இலவசச் சட்ட உதவிக்கு 15100. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது. வேலைக்கான சோதனையென்றால், ஒப்புதல் படிவத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். சிறுநீரை இரண்டு புட்டியில் பிரித்து உங்கள் கண்முன்னே சீல் வைக்கச் சொல்லுங்கள். பட்டையைக் கைபேசியில் படம் எடுக்கக் கேளுங்கள். பாசிட்டிவ் என்றால் உறுதிப் பரிசோதனை கேட்டு அன்றே எழுத்தில் மனுக் கொடுங்கள். நிரந்தரத் தொழிலாளியை உள்விசாரணை இல்லாமல் வேலையை விட்டு அனுப்ப முடியாது. ஒப்பந்தக்காரர் மூலம் போகிறவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு மிகக் குறைவு. அவர்கள்தான் எண்ணிக்கையில் அதிகம். குமாரலிங்கபுரத்துக்கு வரும் ஆலைகள் இரண்டாவது புட்டியையும் உறுதிப் பரிசோதனையையும் தங்கள் வேலை விதிகளில் எழுதி வைக்க வேண்டும். எழுத வைக்கும் பொறுப்பை மாவட்ட நிர்வாகமும் தொழிலாளர் துறையும் ஏற்க வேண்டும்.