பொம்மையிடம் கற்கும் வைத்தியம்

"ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்" என்று நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அது "ஆயிரம் வேரைக் கொன்றவன்" என்பதன் திரிபு என்றும், மூலிகை வேர்களை ஆய்ந்து தேர்ந்தவனையே குறிக்கும் என்றும் விளக்கம் கூறுவாரும் உளர். எது மூலபாடம் என்பதைப் புலவர்கள் தீர்த்துக்கொள்ளட்டும். திரிந்த பாடத்திலும் மறுக்கவொண்ணாத ஓர் உண்மை அடங்கியிருக்கிறது. கைத்தொழில் எதுவாயினும் முதல் முயற்சி பழுதுபடவே செய்யும். தச்சன் கெடுத்த பலகையை அடுப்பில் வைக்கலாம். தையற்காரன் கெடுத்த துணியைக் கைக்குட்டையாக்கலாம். வைத்திய மாணவனின் முதல் ஊசி யார் கையில் இறங்குவது?

நெடுங்காலமாக இக்கேள்விக்கு ஒரே விடைதான் இருந்துவந்தது. அதை எவரும் உரக்கச் சொல்வதில்லை. தருமாஸ்பத்திரியில் படுத்திருக்கும் ஏழையின் கை என்பதே அவ்விடை. "ஒருமுறை பார், ஒருமுறை செய், பிறகு பிறர்க்குக் கற்பி" என்பது மருத்துவக் கல்லூரிகளில் வழங்கிவந்த வாய்மொழி. காசு கொடுத்துத் தனியறை பெற்றவர்க்கு அநுபவசாலியின் கை கிடைத்தது. பொது வார்டில் கிடந்தவர்க்குக் கற்றுக்கொள்பவனின் கை கிடைத்தது. பாவனைப் பயிற்சி எனப்படும் இக்காலக் கல்விமுறையைப் பாராட்டுவோர் அதன் இயந்திர நுட்பங்களையே வியந்து பேசுகின்றனர். இந்த அநீதியைச் சிறிதேனும் குறைப்பதே அதன் முதற்சிறப்பு என்று எனக்குத் தோன்றுகிறது.

முறை நம் நாட்டுக்கு முற்றிலும் புதிதன்று. சுசுருத சம்ஹிதையின் சூத்திரஸ்தானத்தில் இதற்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. நூலறிவு நிரம்பியவனாயினும் கைப்பழக்கம் இல்லாதவன் சிகிச்சை செய்யத் தகான் என்று கூறி, எதனை எதில் பழகவேண்டும் என்று அது வரிசைப்படுத்துகிறது. வெட்டுவதைப் பூசணி, சுரை, வெள்ளரி முதலிய காய்களில் பழகவேண்டும். கீறித் திறப்பதை நீரும் சேறும் நிரப்பிய தோற்பையில். சுரண்டுவதை மயிர் நீக்காத தோலில். இரத்த நாளத்தைத் துளைப்பதைத் தாமரைத் தண்டிலும் இறந்த விலங்கின் நாளத்திலும். தையலைத் துணியிலும் மெல்லிய தோலிலும். கட்டுப் போடுவதற்குத் துணி அடைத்துச் செய்த முழு உருவப் பொம்மை! இன்று கண் அறுவை கற்போர் ஆட்டுக் கண்ணிலும், தையல் கற்போர் ரப்பர்த் தோலிலும் பழகுவதைக் கண்டால் அந்தப் பழைய ஆசிரியர் வியப்படையமாட்டார்.

பிரான்ஸ் நாட்டில் பதினெட்டாம் நூற்றாண்டில் மதாம் தூ கூத்ரே என்னும் மருத்துவச்சி துணியாலும் தோலாலும் பிரசவப் பொம்மை ஒன்று சமைத்தார். 1759-இல் பதினைந்தாம் லூயி மன்னன் அவருக்கு ஆணைப்பத்திரம் வழங்க, அவர் கால் நூற்றாண்டுக் காலம் ஊர் ஊராகச் சென்று, எழுத்தறியாத நாட்டுப்புறப் பெண்களுக்கு அப்பொம்மையைக் கொண்டே பாடம் நடத்தினார். அவற்றுள் ஒன்று ரூவான் நகரக் காட்சிச்சாலையில் இன்றும் இருக்கிறது. 1960-இல் நார்வே நாட்டு விளையாட்டுப் பொம்மை வியாபாரியான ஆஸ்மண்ட் லேர்டால், நின்றுபோன மூச்சை மீட்கக் கற்பிக்கும் 'ஆன்' என்ற பொம்மையை வெளியிட்டார். அதன் முகம், பாரிஸில் ஸேன் நதியிலிருந்து எடுக்கப்பட்டதாகக் கதை வழங்கும் பெயரறியா நங்கை ஒருத்தியின் முகப்படியைத் தழுவியது.

இக்காலப் பயிற்சிகளுள் என் மனத்தைக் கவர்ந்தது பிரசவ அறைப் பயிற்சியே. அதற்குரிய கருவிகளுள் ஒன்றுக்கு 'மாமாநாட்டலி' என்று பெயர். (பெயரில் 'மாமா' இருப்பினும் இது அம்மாதான்.) ஆசிரியை ஒருவர் இதனை வயிற்றில் கட்டிக்கொண்டு கட்டிலில் சாய்ந்து பிரசவ வேதனையை நடிப்பார். பொம்மைக் குழந்தை பிறக்கும். ஒரு நிமிடத்துக்குள் தாய்க்குப் பத்து யூனிட் ஆக்ஸிடோசின் ஊசி போட்டாகவேண்டும். குழந்தை அழவில்லையாயின் அதே நிமிடத்துக்குள் அதன் மூச்சையும் கவனித்தாகவேண்டும். இவ்வேளையில் ஆசிரியை மறைவாக ஒரு திருகைத் திறப்பார். சிவப்பு நீர் பெருகத் தொடங்கும். தொட்டுப் பார்த்தால் கருப்பை இறுகாமல் தளர்ந்திருக்கும். பிரசவத்துக்குப் பின் உண்டாகும் இரத்தப்போக்கு நம் நாட்டுத் தாய்மார்களின் மரணத்துக்கு இன்றும் தலையாய காரணங்களுள் ஒன்று. கருப்பையைப் பிசைந்துவிடுதல், துணைக்கு ஆள் அழைத்தல், நாளத்தில் திரவம் ஏற்றுதல், நஞ்சுக்கொடி முழுமையாக வந்ததா என்று பார்த்தல் ஆகிய இவையெல்லாம் நர்ஸுகளுக்குத் தெரியாதவையா? பரீட்சையில் எழுதித் தேறியவைதாம். ஆயினும் கண்முன் இரத்தம் ஓடுகையில் நால்வரும் ஒரே காரியத்துக்கு ஓடுவர். மருந்துப் பெட்டியின் சாவி எங்கே என்று எவர்க்கும் தெரியாது. தவற்றைக் கண்டுகொண்ட இளைய நர்ஸ், பெரிய டாக்டரிடம் எப்படிச் சொல்வது என்று வாய்மூடி நிற்பார். இப்பிழைகளைப் புத்தகம் காட்டிக்கொடுக்காது.

பயிற்சி முடிந்தபின் அனைவரும் வட்டமாக அமர்ந்து, எவரையும் பழிக்காமல், நடந்ததை ஒவ்வொன்றாக எடுத்துப் பேசுவர். அனுபவமுள்ளோர் பலர் இப்பகுதியையே பயிற்சியின் உயிர் என்பர். டாக்டரும் ஆயாவும் ஒரே வட்டத்தில் அமர்ந்து பேசுவது நம் ஆஸ்பத்திரிகளில் வேறு எப்போது நிகழ்கிறது?

மைய அரசு 2015-இல் 'தக்ஷ்' என்ற பெயரில் தாய்சேய் நலப் பயிற்சிக்கூடங்களைத் தலைநகரில் திறந்தது. 2019-இல் நடைமுறைக்கு வந்த எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம் மருத்துவக் கல்லூரிகள்தோறும் பயிற்சிக்கூடம் வேண்டும் என்கிறது. வரவேற்கத்தக்கதே. எனினும் பல இலட்சம் பெறும் பொம்மையை வாங்கி, பழுதாகிவிடுமென்று பூட்டிவைத்து, ஆய்வுக்குழு வரும் நாளில் மட்டும் தூசி தட்டி எடுத்தால் அது கொலுப் பொம்மைக்கு மேல் என்ன பயன் தரும்? சுசுருதரின் சுரைக்காய்க்குப் பூட்டு தேவைப்படவில்லை.

பொம்மைக்கு இயலாத காரியமும் ஒன்றுண்டு. அதற்குத் தன் துன்பத்தைச் சொல்லத் தெரியாது. ஆகவே 1963-இல் அமெரிக்காவில் ஹோவர்டு பாரோஸ் என்னும் டாக்டர், நோயாளியாக நடிக்க மனிதர்களையே பழக்கினார். இம்முறை நம்மைப் போல வெளியூரில் குடியேறிய குடும்பங்களுக்கு மிக நெருக்கமானது. மகள் பிரசவத்துக்கென்று ஊரிலிருந்து வந்த தாய்க்கு, இரவில் உடம்பு சரியில்லாமற்போய் டில்லி ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்றால், "மாரை அடைக்கிறது", "கிறுகிறுவென்று வருகிறது" என்பார். உடன் சென்ற பேரன் தன் பள்ளிக்கூட ஹிந்தியில் "தலைவலி" என்று மொழிபெயர்ப்பான்! தமிழன்றி வேறு மொழியறியாத நோயாளியாக நடிக்க நம் சங்கத் தாய்மார் சிலர் முன்வந்தால், இந்நகரத்து மருத்துவ மாணவர்களுக்கு எந்த இயந்திரமும் கற்பிக்காத பாடம் கிடைக்கும். கல்லூரிகளை அணுகிக் கேட்பதில் தவறில்லை.

நாமும் கற்கவேண்டியது ஒன்றுண்டு. சங்க மண்டபத்தில் ஒரு ஞாயிறு முற்பகல் போதும். ஒரு பயிற்சியாளரும் இரண்டு பொம்மைகளும் வேண்டும். ஒருவர் திடீரென விழுந்து, அசைவும் சரியான மூச்சும் இன்றிக் கிடந்தால், 112-ஐ அழைக்கச் சொல்லிவிட்டு, மார்பின் நடுவே இரு கைகளையும் வைத்து அழுத்தவேண்டும். வளர்ந்தவர்க்கு ஆழம் ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையாமலும் ஆறுக்கு மிகாமலும், வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120 வரையிலும் இருக்கவேண்டும். படிக்க எளிது. பொம்மையின் மார்பை அழுத்திப் பார்ப்பவர்க்கே ஐந்து சென்டிமீட்டர் எத்துணை ஆழம் என்பது விளங்கும். சரியாக அழுத்தினால் பல பொம்மைகள் 'டிக்' என்று ஒலிக்கும். இரண்டு நிமிடத்தில் பலசாலிக்கும் கை ஓய்ந்துவிடும். அதற்குள் பக்கத்திலிருப்பவர் முழங்காலிட்டுத் தயாராக இருக்கவேண்டும்.