மூன்றுக்கு இரண்டு ஏன்?

புத்தளம் உப்பளப் பாத்திகளில் உப்பு விளைந்தபின் எஞ்சும் நீரைத் தொட்டு நாவில் வைத்தால், கரிப்பையும் மீறிக் கசக்கும். கசப்புக்குக் காரணம் மகனீசியம். ஒரு லீற்றர் கடல்நீரில் அது ஏறத்தாழ 1.3 கிராம் இருக்கிறது.

உப்பில் சோடியம் ஒன்றுக்குக் குளோரின் ஒன்று. கசப்பு நீரிலுள்ள மகனீசியம் குளோரைட்டிலோ மகனீசியம் ஒன்றுக்குக் குளோரின் இரண்டு. சோடியம் அணு ஓர் இலத்திரனை இழக்கும், மகனீசியம் இரண்டை இழக்கும். குளோரின் ஒன்றைத்தான் ஏற்கும். இழந்ததும் ஏற்றதும் சரிக்குச் சரி வரவேண்டும். அயன் சேர்வைகளின் சூத்திரம் இந்தக் கணக்குத்தான்.

நைதரசனுக்கு வேண்டியவை மூன்று இலத்திரன்கள். ஆகவே மூன்று மகனீசியம் ஆறைக் கொடுக்க, இரண்டு நைதரசன் மும்மூன்றாக வாங்கிக்கொள்கின்றன. இதுவே மகனீசியம் நைத்திரைட்டு.

காற்றில் 78 சதவீதம் நைதரசன். பிறகு ஏன் உலோகமெல்லாம் நைத்திரைட்டு ஆகிவிடவில்லை? நைதரசன் மூலக்கூறின் அணுக்கள் இரண்டும் மும்மைப் பிணைப்பால் இறுகியிருக்கின்றன. அதை உடைக்க நல்ல சூடு வேண்டும். மகனீசியம் எரியும்போது அந்தச் சூடு கிடைக்கிறது. 1894இல் இரசாயனவியலாளர் இராம்சே, காற்றிலிருந்து பெற்ற நைதரசனைச் சூடான மகனீசியத்துக்கு ஊட்டித் தீர்த்தார். தீராமல் எஞ்சிய வாயுவே ஆகன்.

ஓர் இலத்திரனையே இழக்கும் இலிதியத்தின் நைத்திரைட்டு நிலைக்கும்; சோடியம் நைத்திரைட்டோ நிலைப்பதே அரிது. சிறிய இலிதியம் அயன் நைதரசன் அயனை நெருங்கி இறுகப் பற்றும்; பருத்த சோடியம் அயனால் அது இயலாது.

பாடசாலை ஆய்வுகூடத்தில் மகனீசியம் நாடாவை ஆசிரியர் முன்னிலையில் மூடிய புடக்குகையில் எரியவிடுங்கள். ஆறிய சாம்பலில் சில துளி நீர் விட்டு, ஈரச் சிவப்புப் பாசிச்சாயத்தாளை மேலே பிடியுங்கள். நீலமானால் அமோனியா எழுகிறது, நைத்திரைட்டு இருந்திருக்கிறது. எரியும் சுடரை மட்டும் நேரே பார்க்க வேண்டாம்.