உங்களுக்குத் தெரியுமா? கேமைத் தொடாமலே அதன் தோற்றத்தை மாற்றலாம்!

வீடியோ கேமின் நிறம் வெளிறிக் கிடக்கிறதா? விளிம்புகள் பல் பல்லாகத் தெரிகின்றனவா? கேமை உருவாக்கியவர்கள் வந்துதான் சரிசெய்ய வேண்டும் என்பதில்லை. ஒவ்வொரு காட்சியும் வரைந்து முடிந்து மானிட்டருக்குப் போகும் இடைவெளியில் புகுந்து, ஸ்டூடியோக்காரர் போட்டோவுக்கு டச்-அப் செய்வதுபோல மெருகேற்றிவிடும் மென்பொருள்கள் உள்ளன. இந்த வேலைக்குப் பெயர் போஸ்ட்-புராசசிங். இவற்றின் கையில் கிடைப்பது பெரும்பாலும் முடிந்த படம் மட்டும்தான். இவற்றால் என்ன முடியும், என்ன முடியாது என்பதெல்லாம் அதிலிருந்தே வருகிறது.

● ஆள்மாறாட்டம் செய்யும் கோப்பு
ஒரு கேம் தனக்குத் தேவையான டிஎல்எல் என்ற நிரல் கோப்பைக் கேட்டால், விண்டோஸ் பொதுவாக முதலில் அந்த கேமின் ஃபோல்டரில் தேடும். பிறகுதான் சிஸ்டம் ஃபோல்டருக்குப் போகும். புகழ்பெற்ற 'ரீஷேட்' மென்பொருள் நுழைவது இந்த வழியில்தான். 'டிஎக்ஸ்ஜிஐ.டிஎல்எல்' அல்லது 'டி3டி9.டிஎல்எல்' என்று பெயர் வைத்துக்கொண்டு கேமின் ஃபோல்டரில் உட்கார்ந்துவிடும். வரும் கட்டளைகளை அசல் கோப்புக்கு அனுப்பிவிட்டு, நடுவில் தன் கைவரிசையைக் காட்டும். வேண்டாம் என்றால் அந்தக் கோப்பை நீக்கினால் போதும். கேம் பழையபடி ஓடும்.

● 16.7 மில்லி நொடி
நொடிக்கு 60 காட்சிகள் ஓட வேண்டுமானால் ஒரு காட்சிக்குக் கிடைப்பது 16.7 மில்லி நொடி. 1920×1080 திரையில் 20,73,600 பிக்சல்கள். நொடிக்கு 12 கோடிக்கு மேல். கேமை வரைந்தது போக மிஞ்சும் நேரத்தில்தான் எஃபெக்ட்டுகளும் முடிய வேண்டும். பத்து எஃபெக்ட்டை ஒன்றாக ஏற்றினால் கேம் ஏன் திணறுகிறது என்பது இப்போது புரியும். 4கே திரையில் பிக்சல்கள் இதைப்போல் நான்கு மடங்கு.

● பல் விளிம்புக்கு வைத்தியம்
சாய்கோடுகள் படிக்கட்டுபோலத் தெரிவதைப் போக்க, முன்பெல்லாம் ஒவ்வொரு பிக்சலையும் பல முறை கணக்கிட வேண்டியிருந்தது. என்விடியாவில் இருந்த டிமோதி லாட்டஸ் உருவாக்கிய எஃப்எக்ஸ்ஏஏ, முடிந்த படத்திலேயே வெளிச்ச வேறுபாட்டை வைத்து விளிம்பைக் கண்டுபிடித்து மழுப்பியது. வேகம் அபாரம். ஆனால் விளிம்பு எது, எழுத்து எது என்று அதற்குத் தெரியாது. திரையில் உள்ள எழுத்துகளும் சேர்ந்து மங்கின.

● மூலைகளில் நிழல்
பிக்சலின் நிறத்தோடு, அது கேமராவிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்ற கணக்கையும் கேம் வைத்திருக்கும். அதற்கு டெப்த் பஃபர் என்று பெயர். அந்தக் கணக்கை வைத்து, சுவர் கூடும் மூலையிலும் மேசைக்கடியிலும் நிழல் சேர்க்கும் உத்தியை 2007இல் வந்த 'கிரைசிஸ்' பிரபலமாக்கியது. ரீஷேடுக்கு டெப்த் பஃபர் கிடைத்துவிட்டால், நிழலே இல்லாத பழைய கேமிலும் இதைக் கொண்டுவரலாம்.

● திரைக்கு வெளியே எல்லாம் சூனியம்
ரீஷேடில் ஓடும் எஃபெக்ட் நிரல்களுக்கு ஷேடர் என்று பெயர். பாஸ்கல் கில்ஷர் என்ற ஷேடர் கலைஞர் 2019இல் வெளியிட்ட ஆர்டிஜிஐ, ஒளிக்கதிர்களைப் பின்தொடர்ந்து கணக்கிட்டு, சிவப்புச் சுவரின் சாயல் பக்கத்துத் தரையில் படிவதையும் காட்டியது. ஆனால் திரையில் தெரியாத பொருள் இந்த ஷேடரைப் பொறுத்தவரை இல்லாத பொருள். கேமராவைத் திருப்பிச் சுவரைத் திரைக்கு வெளியே தள்ளினால், தரையில் படிந்த சிவப்பும் போய்விடும்.

● மேப்புக்கும் உயிர்க்கோட்டுக்கும் முகமூடி
முடிந்த படத்தில் மேப், உயிர்க்கோடு, தோட்டாக் கணக்கு எல்லாம் ஒட்டிக்கொண்டே வரும். நிறத்தை மாற்றினால் அவையும் மாறும். இதற்கு ரீஷேடில் ஒரு வழி உண்டு. ஸ்கிரீன்ஷாட்டின் மேல் கறுப்பு, வெள்ளையில் ஒரு மாஸ்க் படம் வரைந்து கொடுத்தால், மறைத்த இடத்தை எஃபெக்ட் தொடாது.

● ஒரு பட்டையில் எல்லா நிறமும்
1024×32 பிக்சல் அளவில் ஒரு மெல்லிய வண்ணப் பட்டை. 32×32 கட்டங்கள் 32, பக்கம் பக்கமாக அடுக்கியிருக்கும்; மொத்தம் 32,768 நிறங்கள். இதுதான் லட் எனப்படும் நிற அட்டவணை. கேமின் ஸ்கிரீன்ஷாட் ஒன்றின் ஓரத்தில் இந்தப் பட்டையை ஒட்டுங்கள். ஃபோட்டோஷாப்பில் திறந்து, படம் கண்ணுக்குப் பிடிக்கும்வரை நிறத்தைச் சரிசெய்யுங்கள். படத்தோடு பட்டையும் மாறியிருக்கும். அதை மட்டும் வெட்டி எடுத்து ரீஷேடிடம் கொடுத்தால் கேம் முழுவதும் அதே நிறத்தில் ஓடும். இந்த நிறம் வந்தால் அந்த நிறம் போடு என்று அட்டவணையைப் பார்த்து மாற்றும் வேலைதான் என்பதால் கேமின் வேகம் அவ்வளவாகக் குறையாது.

● அழகுக்காக அழுக்கு
படத்தில் மணல் தூவியதுபோலப் புள்ளி சேர்ப்பது பழைய ஃபிலிம் வாசனைக்கு மட்டுமல்ல. இருட்டும் பனியும் நிறைந்த 'இன்சைட்' கேமில் சாம்பல் நிறம் பட்டை பட்டையாகத் தெரியும் அபாயம் இருந்தது. டென்மார்க்கின் பிளேடெட் குழுவினர் மெல்லிய புள்ளி இரைச்சலைக் கலந்து அந்தப் பட்டைகளை மறைத்தார்கள். பழைய கேம்களில் வானம் வரிவரியாகத் தெரிந்தால், ரீஷேடின் டீபேண்ட் ஷேடரும் கிட்டத்தட்ட இதே தந்திரத்தைத்தான் செய்கிறது.

● வெளியானதுமே வந்த வைத்தியர்
2012 ஆகஸ்ட்டில் 'டார்க் சோல்ஸ்' கணினிக்கு வந்தது. மானிட்டர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் கேம் உள்ளுக்குள் 1024×720 அளவில்தான் வரைந்து, அதை இழுத்துப் பெரிதாக்கிக் காட்டியது. முடிந்த படத்தில் இல்லாத விவரத்தை எந்த ஃபில்டரும் கொண்டுவர முடியாது. எனவே 'டுரான்டே' என்ற புனைபெயரில் இயங்கிய பீட்டர் தோமன் ஒரு படி முன்னால் போய், வரையும் அளவையே மாற்றும் 'டிஎஸ்ஃபிக்ஸ்' கோப்பை உடனடியாக வெளியிட்டார். மூலை நிழலும் விளிம்பு மெருகும் பிறகு அதில் சேர்ந்தன. பின்னாளில் அவரே பிஎச்3 நிறுவனத்தை மற்றவர்களோடு சேர்ந்து தொடங்கி, கேம்களைக் கணினிக்கு மாற்றித் தரும் தொழிலுக்கு வந்துவிட்டார்.

● வானிலை தெரிந்த ஃபில்டர்
ரஷ்யாவின் போரிஸ் வொரொன்ட்சோவ் எழுதிய இஎன்பி, 'ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ்' ரசிகர்களிடம் பேர் வாங்கி, 'ஸ்கைரிம்' வழியாக உலகெங்கும் பரவியது. ரீஷேட் எந்த கேமுக்கும் பொது. இஎன்பியோ கேமுக்குக் கேம் தனியாகத் தைத்தது. அதனால் 'ஸ்கைரிம்'மில் இப்போது பகலா இரவா, மழையா வெயிலா என்பதுகூட அதற்குத் தெரியும். ஒவ்வொன்றுக்கும் தனி நிறம் வைக்கலாம். இஎன்பியின் மூலக் கோப்பை வேறு யாரும் விநியோகிக்க அனுமதி இல்லை. பிரீசெட் எனப்படும் தயார் அமைப்புகளைத் தருபவர்கள் அவற்றை மட்டும் தந்துவிட்டு, மூலத்தை வொரொன்ட்சோவின் தளத்தில் எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள்.

● போன தங்கம் திரும்பி வந்தது
2011இல் வந்த 'டியூஸ் எக்ஸ்: ஹியூமன் ரெவல்யூஷன்' முழுக்கப் பொன்மஞ்சள். கண் கூசுகிறது என்று சிலர் அந்த ஃபில்டரை நீக்கக் கருவி தேடினார்கள். 2013இல் 'டைரக்டர்ஸ் கட்' வந்தபோது அந்த மஞ்சளைக் காணோம். பின்னாளில் இன்னொரு கூட்டம் புறப்பட்டது: தங்க ஃபில்டரைத் திரும்பச் சேர்க்கும் மாட் (ரசிகர்கள் செய்யும் மாற்றக் கோப்பு) தயாராகிவிட்டது!

● அருவியின் ரகசியம்
1991இன் 'சோனிக்' கேமில் வரும் அருவி, இன்றைய மானிட்டரில் செங்குத்துக் கோடுகளாகத் தெரியும். அந்தக் காலத்து டிவியில் காம்போசிட் கேபிள் வழியாகப் போகும்போது பக்கத்துக் கோடுகள் ஒன்றோடொன்று குழைந்து, அருவி கண்ணாடிபோல ஊடுருவித் தெரிந்தது. டிவியின் குறையையே தூரிகையாக்கியிருந்தார்கள். அந்தக் குழைவைத் திரும்பக் கொண்டுவரத்தான் இன்று பழைய குழாய் டிவியைப்போலக் காட்டும் சிஆர்டி ஷேடர்கள் எழுதுகிறார்கள்.

● குரோசாவா மோடு
2020இல் வந்த 'கோஸ்ட் ஆஃப் சுஷிமா'வில் குரோசாவா மோடை ஏற்றினால் படம் கறுப்பு வெள்ளையாகும். ஃபிலிம் புள்ளிகள் சேரும். காற்று கூடுதலாக வீசும். ஒலியும் பழைய படத்தில் கேட்பதுபோல மாறும். காற்றும் ஒலியும் ஃபில்டருக்கு எட்டாதவை. கேமை உருவாக்கியவர்களால்தான் அது முடியும். பெயரைப் பயன்படுத்த, ஜப்பானியத் திரைப்பட இயக்குநர் அகிரா குரோசாவாவின் குடும்பத்தார் தரப்பில் ஒப்புதலும் வாங்கினார்கள்.

● ஆன்லைனில் கவனம்
புகைக்குப் பின்னால் நிற்பவரைக்கூட டெப்த் பஃபர் காட்டிக்கொடுக்கக்கூடும். அதை வைத்து ஏமாற்றாமல் இருக்க, ரீஷேடின் வழக்கமான பதிப்பு இணையப் போக்குவரத்து அதிகமானால் டெப்த் பஃபரைத் தானே மூடிவிடும். அப்படியும் கணினி பப்ஜி 2018இல் ரீஷேடைத் தடுத்தது. ஆட்டத்துக்கு ஆட்டம் விதி மாறும். கணக்கு முடங்கிய பின் புலம்பிப் பயனில்லை.

● ஃபில்டர் வைத்த ஆப்பு
'ஃபைனல் ஃபேன்டசி 14' ஆட்டக்காரர்களிடம் பரவியிருந்த ஜிஷேட், ரீஷேடிலிருந்து கிளைத்தது. அதிகாரபூர்வமற்ற அப்டேட் கருவியைப் பயன்படுத்தினால் கணினியின் இயக்கத்தையே பாதியில் நிறுத்தும் கட்டளை 2023 பிப்ரவரியில் அதில் நுழைக்கப்பட்டிருந்தது அம்பலமானது. ஆட்டக்காரர்கள் கூட்டம் கூட்டமாக ரீஷேடுக்குத் திரும்பினார்கள்.

● இரவல் பிரீசெட்
ரீஷேடில் ஹோம் கீயை அழுத்தினால் மெனு திறக்கும். நீங்கள் செய்த மாற்றங்கள் எல்லாம் ஒரு சின்ன ஐஎன்ஐ கோப்பில் சேரும். நோட்பேடிலேயே திறந்து படிக்கலாம், நண்பருக்கு அனுப்பலாம். ஆனால் அவருடைய மானிட்டரின் வெளிச்சமும் நிறமும் வேறு. உங்களுக்கு அளவாக இருந்தது அங்கே திகட்டும். ஆகவே பிரீசெட் எங்கிருந்து வந்தாலும் எஃபெக்ட்டுகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். அணைத்தும் வித்தியாசம் தெரியவில்லையா? அதை எடுத்துவிடுங்கள், சில ஃபிரேம் மிச்சம்.