மேடைக்கு அடியில் ஒரு கைப்பிடி

கூட்டு நுண்ணோக்கியில் வெங்காயத் தோலைப் பார்த்த ஒரு மாணவி எழுதியிருக்கிறார்: "செல்களின் சுவர் ஏதோ தெரிகிறது. உட்கருவைக் காணவே காணோம். லென்ஸ் கெட்டுவிட்டதா?"

லென்ஸ் மேல் பழி போட வேண்டாம். கண்ணருகு லென்ஸ், பொருளருகு லென்ஸ், குவியத் திருகுகள் எல்லாம் பாடநூல் படத்திலேயே இருக்கின்றன. ஸ்லைடு வைக்கும் மேடைக்கு அடியில் கையை விடுங்கள். ஒளியைக் குவிக்கும் கண்டென்சர் அங்கே இருக்கும். பெரும்பாலான கருவிகளில் அதன் பக்கத்தில் சிறு கைப்பிடி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அதை நகர்த்தினால் உள்ளே மெல்லிய தகடுகள் சரிந்து, ஒளி நுழையும் துளை சுருங்கும், விரியும். ஐரிஸ் டயாஃபிரம் என்பது இதுதான். இந்தக் கருவியில் எனக்கு மிகவும் பிடித்த உறுப்பு.

சாயமேற்றாத செல்லுக்கு நிறம் கிடையாது. துளை முழுக்கத் திறந்திருந்தால் பல கோணங்களிலிருந்தும் ஒளி பாய்ந்து விளிம்புகளை அழித்துவிடும். எங்கள் வீட்டுச் சுவரைப் பூசிய கொத்தனார், இருட்டியபின் ஒரே ஒரு பல்பைச் சுவரோரம் பிடித்துப் பார்ப்பார். பகல் வெளிச்சம் மறைத்த மேடுபள்ளமெல்லாம் அப்போது தெரிந்துவிடும். துளையைச் சுருக்கும்போது செல்லுக்கும் அதுவே நடக்கிறது. ஒரு சொட்டு ஐயோடினும் விட்டால் உட்கரு இன்னும் தெளியும்.

அதற்காக ஒரேயடியாக மூடிவிடவும் கூடாது. லென்ஸுக்குள் வரும் ஒளியின் கோணம் எவ்வளவு அகலமோ அவ்வளவு நுட்பமாகப் பிரித்துப் பார்க்க முடியும் என்று எர்ன்ஸ்ட் ஆபே 1873இல் விளக்கினார். 40 மடங்கு லென்ஸில் பொறித்திருக்கும் 0.65 என்ற எண் அந்தக் கோணத்தைத்தான் குறிக்கிறது. எண்ணெய்த் துளியோடு பயன்படுத்தும் 100 மடங்கு லென்ஸில் அது வழக்கமாக 1.25; ஏறத்தாழ 0.2 மைக்ரோமீட்டர் இடைவெளி வரை அது பிரித்துக் காட்டும். துளையைக் குறுக்கினால் காசு கொடுத்து வாங்கிய அந்தத் திறனை நாமே வீணாக்குகிறோம்.

சரியான அளவைக் கண்டுபிடிக்க அழகான வழி ஒன்று உண்டு. ஸ்லைடைக் குவியப்படுத்தியபின் கண்ணருகு லென்ஸைக் கழற்றிவிட்டு வெறும் குழாய்க்குள் பாருங்கள். ஓர் ஒளிவட்டம் தெரியும். கைப்பிடியை நகர்த்தினால் ஓரத்திலிருந்து இருள் உள்ளே வரும். வட்டத்தின் விட்டத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு ஒளிரும்போது நிறுத்துங்கள். பொருளருகு லென்ஸை மாற்றினால் இதையும் மறுபடி பார்க்க வேண்டும்.

கண் கூசுகிறது என்று டயாஃபிரத்தை மூடும் வழக்கம் பல ஆய்வகங்களில் இருக்கிறது. கூச்சத்தைக் குறைக்க விளக்குக்கென்று தனித் திருகு இருக்கிறதே! செய்முறைத் தேர்வுக்கு மட்டும் அலமாரியைத் திறக்கும் பள்ளிகளில் இந்தக் கைப்பிடி இறுகியே போயிருக்கிறது. பாகங்களைக் குறிக்கச் சொல்லி மதிப்பெண் போடும் ஆசிரியர்கள், அதற்கு முன் ஒவ்வொரு பிள்ளையையும் இதை ஒருமுறை நகர்த்திப் பார்க்க விடுங்கள்.