படையை ஏவ மறுத்த தளபதி

படைத்தலைவர்களை அவர்கள் வென்ற போர்களைக் கொண்டு அளப்பதே நம் வழக்கம். பள்ளியில் வரலாறு படித்த நாளில் நானும் அவ்வாறே அளந்தேன். ஆனால், நடத்த மறுத்த போரினாலேயே பெயர் பெற்ற ஓர் அராபியத் தளபதியைப் பற்றிப் பிற்காலத்தில் படித்தபோது என் அளவுகோல் மாறிவிட்டது. லெபனான் நாட்டின் புவாத் ஷிஹாபே அவர்.

லெபனான் மத்தியதரைக் கடலின் கீழ்க்கரையில் உள்ள சிறு நாடு. கிறிஸ்தவர், முஸ்லிம்கள், துரூஸ் வகுப்பினர் எனப் பல சமயத்தார் வாழும் நாடு. 1943-இல் அது விடுதலை பெற்றபோது, குடியரசுத் தலைவர் மாரோனைட் கிறிஸ்தவராகவும், பிரதமர் சுன்னி முஸ்லிமாகவும், சட்டமன்றத் தலைவர் ஷியா முஸ்லிமாகவும் இருப்பதென்று உடன்பாடு ஏற்பட்டது. தராசுத் தட்டில் நிறுத்தாற்போன்ற ஏற்பாடு அது. ஒருபுறம் சற்றே அழுத்தினாலும் மறுபுறம் எழுந்துவிடும்.

ஷிஹாப் 1902-இல், லெபனான் மலைநாட்டை முன்னர் ஆண்ட அமீர்களின் குலத்தில் பிறந்தார். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் படையிற் சேர்ந்து, 1945-இல் லெபனான் படையின் முதல் தளபதியானார். 1952 செப்டம்பரில் குடியரசுத் தலைவர் பிஷாரா அல்கூரியை எதிர்த்து நாடெங்கும் வேலைநிறுத்தம் மூண்டது. கிளர்ச்சியை அடக்கப் படையை அனுப்பத் தளபதி இசையவில்லை. தலைவர் பதவி விலகினார். ஆட்சி தம் கைக்கே வந்தும், ஷிஹாப் சில நாள் இடைக்கால அரசை நடத்தி, புதிய தலைவராகக் கமீல் ஷமூன் தேர்ந்தெடுக்கப்பட்டதும் பாசறைக்குத் திரும்பினார்.

1958-இல் ஷமூனை எதிர்த்து ஆயுதக் கிளர்ச்சியே எழுந்தது. அப்போதும் கிளர்ச்சியாளரை நசுக்கப் படையை ஏவ அவர் மறுத்தார். சட்டப்படி அமைந்த அரசின் விருப்பத்தை ஒரு தளபதி மறுக்கலாமா? மாணவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டிய கேள்வி இது. எல்லா நாட்டுக்கும் பொருந்தும் விடை இதற்கு உண்டென்று நான் கருதவில்லை. ஷிஹாபின் காரணம் இதுதான்: அவருடைய படைவீரர்கள் எல்லாச் சமயத்திலிருந்தும் வந்தவர்கள். தன் இனத்தாரையே சுடச் சொன்னால் படை பிளக்கும். படை பிளந்தால் நாடு பிளக்கும்.

அவ்வாண்டு ஜூலை 31-இல் சட்டமன்றம் அவரையே குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. அரசியற் சட்டத்தை அவர் ‘நூல்’ என்றே குறிப்பிடுவாராம். எதிலும் நூல் என்ன சொல்கிறது என்பதே அவர் கேள்வி. அரசு ஊழியர் தேர்வுக்கென ஒரு மன்றம், மத்திய வங்கி, தொழிலாளர்க்குச் சமூகக் காப்புறுதி ஆகியவை அவர் காலத்தில் உருவாயின. பின்தங்கிய சிற்றூர்களுக்குச் சாலையும் குடிநீரும் மின்சாரமும் சென்றன.

குறையையும் மறைக்கலாகாது. 1961-ஆம் ஆண்டின் இறுதி இரவில் ஆட்சியைக் கவிழ்க்க ஒரு சதி நடந்து தோற்றது. அதன்பின் படையின் உளவுப் பிரிவு அரசியலில் மிகுதியாகத் தலையிடலாயிற்று. படையைத் தெருவில் இறக்க மறுத்தவரின் ஆட்சியிலேயே அது திரைமறைவில் நுழைந்தது வருந்தத்தக்க முரண்பாடே.

1964-இல் அவரது பதவிக்காலம் முடிந்தபோது, அரசியற் சட்டத்தைத் திருத்தி அவரையே நீடிக்கச் செய்யச் சட்டமன்ற உறுப்பினர் பலர் முன்வந்தனர். அவர் இணங்காமல் விலகினார். 1970-இலும் போட்டியிட மறுத்தார். 1973 ஏப்ரலில் காலமானார்.

ஈராண்டுகள் கழித்து, 1975-இல், லெபனானில் உள்நாட்டுப் போர் வெடித்தது. மறு ஆண்டே படை சமய வழியில் பிளவுபட்டது. போரோ 1990 வரை நீண்டது. 1958-இல் அவர் எதற்கு அஞ்சினாரோ, அதுவே நடந்தது. அன்று அவரைக் கோழை என்று எண்ணியவர்கள் உண்டெனில், அந்தப் பதினைந்து ஆண்டுகளே அவர்களுக்குரிய மறுமொழி.